சுவர்களுக்கு அம்மை கண்ட கோடை

உப்புக்கிணற்றுத் தெருவின் சுவர்களுக்கு அம்மை கண்ட கோடையில், அது முதலில் வந்தது சுவருக்கு அல்ல, ஜெசிந்தாவின் வீட்டு மேசைமேல் துண்டு போர்த்திக் கிடந்த ஓர் ஒலிப்பதிவு எந்திரத்துக்குத்தான் என்பதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது. ஏனென்றால் பின்னாளில் தெருவில் பாதிப் பேர் அது தங்கள் வீட்டில்தான் முதலில் வந்தது என்றும், மீதிப் பேர் தங்கள் வீட்டுக்கு அது வரவே இல்லை என்றும் சாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டுமே பொய்.

ஜெசிந்தா மேடைப் பாடகி. அவள் கணவன் குழந்தைவேலு தபேலா, டோலக், அவசரத்துக்குப் பிளாஸ்டிக் வாளி எல்லாம் வாசிப்பவன். இருவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரே பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஒரே இன்னிசைக் குழுவில் சேர்ந்து, வெள்ளைப்பாறை ஜங்ஷனைச் சுற்றியுள்ள ஊர்களின் திருவிழா மேடைகளில் எந்தச் சாமிக்கும் குறை வைக்காமல் பாடியும் வாசித்தும் வந்தவர்கள். ஜெசிந்தா தானே எழுதி மெட்டுப் போட்ட மாரியம்மன் பாட்டு ஒன்று உண்டு. ஜங்ஷன் ரோட்டில் தனராஜ் நடத்தும் ஸ்டுடியோவில் அது பதிவாகி, பங்குனி பிறந்தால் போதும், வட்டாரத்தில் வேப்பமரம் இருந்து அதில் ஒலிபெருக்கியும் இருக்கும் எல்லா இடத்திலிருந்தும் ஒலிக்கும். அந்தப் பாட்டின் மூன்றாவது அடியில், 'தாயே' என்று குரல் மேலே ஏறும் இடத்தில், ஒரு சின்ன முறிவு. நூல் அறுந்து உடனே முடிச்சுப் போட்ட மாதிரி. கேட்கிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அது சளி.

பதிவன்றே அவள் அதைத் திரும்பப் பாடினாள். இரண்டாம் முறை சரியாக வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒலித்தது முதல் முறை பாடியது. கேட்டபோது தனராஜ், "ரெண்டாவதைத்தான்க்கா போட்டிருக்கேன். உங்க காதுக்கு அப்படித் தோணுது," என்றான். காதை வைத்தே உலகத்தை நடத்திவரும் ஒருத்தியிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. அன்றிலிருந்து ஜெசிந்தா தனராஜை முழுதாக நம்பவில்லை, தனராஜைத் தம்பி என்று கூப்பிடும் குழந்தைவேலுவைப் பாதிதான் நம்பினாள், பங்குனிதோறும் ஊரே சேர்ந்து தன் சளியைக் கும்பிடுவதைக் காதைப் பொத்திக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பாட்டைத் தன் வீட்டில், தன் கையால் பொத்தானை அழுத்தித் திரும்பப் பதிய வேண்டும், இது சரி, இது சரியில்லை என்று சொல்கிற வாய் தன் வாயாக இருக்க வேண்டும்.

முதலில் போனில் முயன்றாள். பார்வையற்றோர் போனுக்குள் ஒரு பெண் குடியிருக்கிறாள். திரையில் எதைத் தொட்டாலும் அதன் பெயரைப் படித்துச் சொல்வாள், அவள் இல்லாமல் போன் வெறும் ஓடு. ஆனால் அவளுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியாது. பதிந்த பாட்டைப் போட்டுக் கேட்டால், 'தாயே' ஏறப்போகும் இடத்தில், "பேட்டரி பதினைந்து சதவீதம்" என்று அவளும் கூடப் பாடியிருந்தாள். அவள் வாயை அடைத்தால் பொத்தான் எங்கே என்று தெரியாது. திறந்துவிட்டால் அவளும் பின்னணிப் பாடகி.

ஆகவே நகரத்துக்குப் போய் நல்லதாக ஓர் எந்திரம் பார்ப்பது என்று முடிவாயிற்று. துணைக்குத் தனராஜ் வந்தான், குழந்தைவேலுதான் கூப்பிட்டிருந்தான். அவனுக்கு விஷயம் தெரியும், நமக்கு விலாசம்கூடத் தெரியாது என்று சமாதானம் சொன்னான்.

பள்ளி விடுதியில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தானமாக ஒரு பொருள் வந்தால், ரேடியோவோ இஸ்திரிப் பெட்டியோ எதுவானாலும், கண் தெரிந்தவர்கள் எல்லோரும் அறைக்கு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் யாரையும் கூப்பிடாமல் அதைப் போடவும் அணைக்கவும் முடிந்தால் அது விடுதியில் தங்கும். முடியாவிட்டால், "அழகா இருக்குங்கய்யா" என்று நன்றி சொல்லப்பட்டு வார்டன் வீட்டுக்குப் போய்விடும். வார்டன் வீட்டில் அழகான பொருட்கள் நிறைய இருந்தன.

கடையிலும் ஜெசிந்தா அதையே செய்தாள்.

"நான் எதுக்கு மேடம் வெளிய நிக்கணும்?" என்றார் விற்பனையாளர், அவளுக்குக் காதும் கேட்காது என்பது போன்ற சத்தத்தில்.

"நீங்க மட்டும் இல்ல. தனராஜும்தான்."

"இது கண்ணாடிக் கதவு மேடம். வெளிய நின்னாலும் உள்ள நடக்கிறது தெரியும்."

"நல்லாப் பாருங்க. பேசக் கூடாது, அவ்வளவுதான்."

கதவு மூடியது. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு பெட்டியை முதலில் எடுத்தார்கள். பெட்டியில் திருகுகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கம்ப்யூட்டருக்குள் போனால் அங்கே படித்துச் சொல்லும் குரல், தொட்டதையெல்லாம் "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. "எலெக்‌ஷன்ல நிக்கிற சுயேச்சைங்க மாதிரி இருக்கு, எல்லாருக்கும் ஒரே பேரு," என்றான் குழந்தைவேலு. அடுத்தது பெரிய மிக்சர். கம்பங்கதிர் மாதிரி வரிசை வரிசையாக ஒரே உருவத்தில் திருகுகள், எதைத் திருகினோம் என்று திருகிய கைக்கே மறந்துபோகும். மூன்றாவதாகக் கைக்கு வந்தது அரைச் செங்கல் அளவில் ஒரு குட்டை எந்திரம். பதியும் பொத்தான் குழி, நிறுத்தும் பொத்தான் மேடு, ஓட்டும் பொத்தான் முக்கோணம். மைக்கின் சத்தத்தைக் கூட்டும் திருகு, ஒவ்வொரு படிக்கும் 'டக்'கென்று விரலுக்குச் சொன்னது. எண்ணி வைத்துக்கொண்டால் மறுநாளும் அதே இடத்துக்கு வரலாம். ஜெசிந்தா ஒரு அடி பாடினாள், நிறுத்தினாள், கேட்டாள், அழித்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

"இது," என்றாள்.

"பாட்டு எப்படி விழுந்திருக்குன்னு சொல்லவே இல்லியே?" என்றான் குழந்தைவேலு.

"பொத்தான் எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும். பாட்டை நான் பாத்துக்குவேன்."

கடையில் இருந்தது பெட்டி பிரித்த ஒரே ஓர் எந்திரம். அது வேண்டாம்க்கா, பலபேர் கைபட்டது, நம்ம ஏஜென்ட் வழியா நான் புதுசா வரவழைச்சுத் தர்றேன் என்று தனராஜ் சொன்னான். பிரிக்காத பெட்டி வீட்டுக்கு வந்தது. அதே கம்பெனி, அதே பெயர். ஆனால் உள்ளே இருந்தது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி, ஒரு மேடு பள்ளம் இல்லாத கண்ணாடி.

"புது மாடல்க்கா. பழசை நிப்பாட்டிட்டாங்களாம். இதுல எல்லாமே டச்," என்றான் தனராஜ். "நீங்க கவலையேபடாதீங்க. பாட வேண்டியது உங்க வேலை. ஒரு போன் போடுங்க, நான் வந்து அமுக்கித் தர்றேன்."

ஜெசிந்தா கண்ணாடிமேல் ஒருமுறை கையை ஓட்டினாள். "அழகா இருக்கு," என்றாள்.

குழந்தைவேலு சிரித்தான். தனராஜ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போனான்.

எந்திரம் துண்டுக்கு அடியில் கிடந்தது. சித்திரை வெயில் ஏறியது. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது, தெருக்குழாயில் காற்று வந்தது, மனிதர்களுக்கு முதுகிலும் கழுத்திலும் வேர்க்குரு பொரிந்தது; அந்த வரிசையிலேயே எந்திரத்துக்கும் பொரிந்தது. ஒரு மத்தியானம் விசிறி தேடிய குழந்தைவேலுவின் கை துண்டுக்கு அடியில் போயிற்று.

"ஜெசி, மேசைல அரிசி கொட்டியிருக்கியா?"

"மேசைல எதுக்கு அரிசி கொட்டுறேன்?"

அவன் விரல் மறுபடி போயிற்று, இந்த முறை மெதுவாக, இடமிருந்து வலமாக, பள்ளிக்கூடத்தில் போன மாதிரி. "அரிசி இல்ல," என்றான். "'பதிவு'ன்னு எழுதியிருக்கு."

கண்ணாடியின்மேல் பிரெய்ல் புள்ளிகள் முளைத்திருந்தன. ஆறு புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தில் உலகத்து எழுத்தையெல்லாம் அடக்கிவிடும் அந்தச் சிக்கனமான எழுத்து, சூட்டில் பொரிந்ததுபோல் வெதுவெதுப்பாக, எந்தெந்தப் பொத்தானின் படம் எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே அதனதன் பெயராக எழும்பியிருந்தது. ஒன்றைத் தொட்டால், குட்டையில் தூறல் விழுந்து எழுவதுபோல் புள்ளிகள் அமிழ்ந்து அடுத்த பக்கத்தின் பெயர்கள் எழுந்தன.

ஜெசிந்தா ஆச்சரியப்படவில்லை. "யார் வந்துட்டுப் போனது?" என்றாள்.

"யாரும் வரல."

"தனராஜ்?"

"அவனுக்குப் பிரெய்ல் தெரிஞ்சா அவன் ஏன் தனராஜா இருக்கப் போறான்?"

வீட்டில் கண் தெரிந்தவர் எவரும் இல்லை. இருந்தாலும் அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எந்திரத்தைப் போட்டாள், பதிந்தாள், நிறுத்தினாள், அழித்தாள். எந்திரம் தேறியது. அப்போதும் அவள், "பாப்போம்," என்றுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு புள்ளிகள் மேசைக்கு இறங்கின, 'மேசை' என்றன. ஜன்னலுக்குப் போய் 'ஜன்னல்' என்றன. அடுப்படி டப்பாக்களில் ஏறி 'மல்லித்தூள்' என்றும் 'மிளகாய்த்தூள்' என்றும் பிரித்துச் சொல்லி, திருமணமான நாளிலிருந்து நடந்துவந்த ஒரு சண்டையை முடித்துவைத்தன. நிலைப்படியைத் தாண்டி, சாக்கடைமேல் போட்ட கல்லைத் தாண்டி, தெருவில் வரிசையாகக் கதவு, சுவர், கம்பம், குழாய், டீக்கடை பெஞ்சு என்று எதையும் விடாமல் பொரிந்துகொண்டே போயின. ஆள் கை எட்டும் உயரத்துக்குமேல் அவை வரவில்லை. ஆடு மாடு மனிதர்மேலும் வரவில்லை. மரங்கள் விஷயத்தில் இரண்டு கருத்து உண்டு.

தெரு இதை அம்மை என்று எடுத்துக்கொண்டது. கோடை, பொரிப்பு, சூடு, அதிலும் மாரியம்மன் காப்புக் கட்டியிருக்கும் நேரம், வேறெப்படி எடுத்துக்கொள்ளும்? வாசல்தோறும் வேப்பிலை செருகினார்கள், சுவருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், அரைத்த வேப்பிலையைக் கதவுக்குப் பூசினார்கள், வெள்ளையடிப்பதை நிறுத்தினார்கள், சுவர் இருக்கும் வீட்டில் கறி சமைக்கக் கூடாது என்று முடிவெடுத்து, சுவர் இல்லாத வீடு எது என்று இரண்டு நாள் விவாதித்தார்கள். அம்மனின் மனம் குளிர ஒலிபெருக்கியில் பாட்டு வைத்தார்கள். எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் தொடங்கி இரவு வரை, சுற்றிச் சுற்றி, 'தாயே' முறிந்தது, முறிந்தது, முறிந்துகொண்டே இருந்தது.

ஜெசிந்தா கதவையும் ஜன்னலையும் அடைத்து, ஜமுக்காளம் தொங்கவிட்டு, கண்ணாடியில் 'பதிவு' என்ற இடத்தை அழுத்திப் பாடினாள். போட்டுக் கேட்டால் அவளுடைய புதிய 'தாயே'க்குப் பின்னால் அவளுடைய பழைய 'தாயே' கேட்டது.

விஷயத்தை வெளியே விட்டவன் குழந்தைவேலு. டீக்கடையில் உட்கார்ந்தபடி பெஞ்சைத் தடவி, "பெஞ்சுல பெஞ்சுன்னு எழுதியிருக்கு, டம்ளர்ல சூடுன்னு எழுதியிருக்கு, பரவால்ல, வியாபாரம் பண்ணத் தெரிஞ்ச அம்மை," என்று சிரித்தான். உட்கார்ந்திருந்தவர்கள் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். அம்மை என்றால் பயம். எழுத்து என்றால் சந்தேகம். பயத்துக்கு வேப்பிலை உண்டு.

முதலில் வந்தவள் எதிர்வீட்டுக் கோமளா, நைட்டி தைத்து விற்பவள், அவள் தையல் மெஷினின் சத்தம் ஜெசிந்தாவின் பாதிப் பதிவுகளில் தாளம் போட்டிருந்தது.

"ஏக்கா, எங்க கதவுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

ஜெசிந்தா தெருவைக் கடந்து வந்து விரல் வைத்தாள். "கதவுன்னு எழுதியிருக்கு."

"சரி. அப்புறம்?"

"கீழ, 'உள்ளே தள்ளவும்'."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இத்தனை புள்ளிக்கு அவ்வளவுதானா?"

"இந்த எழுத்து இடத்தை அடைக்கும் கோமளா."

கோமளா குரலைத் தாழ்த்தினாள். "அந்த மோட்டர் சமாச்சாரம் ஒண்ணும் இல்லியே?"

"எந்த மோட்டர்?"

"இல்ல, தெருக்குழாய்ல மோட்டர் வச்சு உறிஞ்சுறேன்னு எவளாச்சும் எழுதியிருப்பாளோன்னு கேட்டேன். நான் வைக்கல. வச்சாலும் விடியற்காலைல மட்டுந்தான்."

தெருக்குழாயில் ஏன் காற்று வருகிறது என்பது ஜெசிந்தாவுக்கு அப்போது புரிந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள். அந்த மௌனம் கோமளாவுக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் குழந்தைவேலுவைத் தனியாகக் கூப்பிட்டு, டீ கொடுத்து, அதே கதவைப் படிக்கச் சொன்னாள். அவனும் கதவு, உள்ளே தள்ளவும் என்றான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று கோமளா தெளிந்தாள். மறுநாள் பாசஞ்சர் ரயிலில் ஊதுபத்தி விற்கும் மஸ்தான் பாயை ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தாள். அவருக்கும் பார்வை இல்லை, ஜெசிந்தாவின் குடும்பத்தோடு பழக்கமும் இல்லை. பாய் தடவிப் பார்த்து, "கதவு. உள்ளே தள்ளவும்," என்றார். மூன்று பேரும் ஒரே கட்சி என்பது உறுதியாயிற்று. வேறு வேறாகச் சொல்லியிருந்தால் ஒருவரையாவது நம்பியிருக்கலாம்.

அதன் பிறகு ஜெசிந்தாவின் கதவு ஓயாமல் தட்டப்பட்டது. பகலில் உப்புத்தாளாலும் தேங்காய் நாராலும் கரண்டியாலும் சுவரைத் தேய்க்கும் சத்தம். தேய்த்த இடத்தில் தேய்க்கத் தேய்க்கப் புள்ளி வந்தது, வந்தவுடன் அதைப் படிக்க அவளைத் தேடி ஆள் வந்தது. அவள் பாடத் தொடங்கி 'தாயே'க்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் யாரோ ஒருவர், "ஜெசிந்தாம்மா, ஒரு நிமிஷம்," என்றார்கள். அவள் போய்ப் படித்தாள். சுவர் என்றாள், பீரோ என்றாள், அரிசி டிரம் என்றாள். அவ்வளவுதானா என்று கேட்டார்கள், அவ்வளவுதான் என்றாள், அப்போ அந்த நாய்க்கு விஷம் வைத்தது இல்லையா, அப்போ தம்பி கையெழுத்தை நான் போட்டது இல்லையா, அப்போ என் மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்பது இல்லையா என்று, ஒவ்வொருவரும் தங்கள் சுவரில் என்ன இல்லை என்பதைத் தாங்களே ஒப்பித்தார்கள். இப்படியாக, சுவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமலேயே, தெருவின் ரகசியங்கள் அத்தனையும் ஜெசிந்தாவின் காதுக்கு வந்து சேர்ந்தன. பிறகு, இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சந்தேகப்பட்டார்கள்.

தனராஜும் வந்தான். அவன் ஸ்டுடியோக் கதவிலும் பொரிந்திருந்தது. ஆனால் அவன் நேராக மேசைக்குப் போய், துண்டை விலக்கி, கண்ணாடியை நெடுநேரம் பார்த்தான்; அவன் மூச்சு அந்தத் திசையிலிருந்து வந்ததால் ஜெசிந்தாவுக்கு அது தெரிந்தது.

"இதை வச்சா நீங்களே பதியறீங்க?"

"பாக்கறேன். சத்தம்தான் விட மாட்டேங்குது."

"கம்பெனில திரும்பக் கேக்கறாங்கக்கா. பழுதுன்னு."

"பழுது இல்ல தம்பி. நல்லா இருக்கு."

"என் கதவுல என்னக்கா இருக்கும்? படிக்காமலே சொல்லுங்க. அந்தப் பாட்டைப் பத்தி இருக்குமா?"

ஜெசிந்தா பதில் சொல்லவில்லை. அந்தக் கோடையில் அவள் கற்றுக்கொண்டது அது. பதில் சொல்லாமல் இருந்தால் மற்றது தானாக வரும்.

"ரெண்டாவது தடவை நீங்க நல்லாத்தான் பாடினீங்க," என்றான் தனராஜ். "கட்சிக்காரங்க விளம்பரம் பதியணும்னு வந்து நின்னாங்க. அவசரத்துல அதுமேலயே ஏத்திட்டேன். மொதல் டேக்தான் மிஞ்சிச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"என் காதுக்கு அப்படித் தோணுதுன்னு சொன்னே."

"வேற என்ன சொல்ல முடியும்?"

அவன் போன பிறகு அவள் குழந்தைவேலுவிடம் அதைச் சொன்னாள். அவன் டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "சரி, இனிமே அவனைத் தம்பின்னு கூப்பிடல," என்றான். அவளுக்கு அது போதவில்லை. தன் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று அறிந்ததில் வந்த சந்தோஷம் கொஞ்சம். பாட்டு இன்னும் முறிந்தபடியேதான் இருந்தது, இதோ வேப்பமரத்தில்.

வார்டு மெம்பர் பூபாலனின் சுற்றுச்சுவர்தான் தெருவில் நீளமானது. அதனால் அதில்தான் புள்ளி அதிகம்.

"என் சுவர்ல மட்டும் எதுக்கு இத்தனை வரி?" என்றார் அவர்.

"நீளமான சுவருங்கய்யா. 'சுவர்', 'சுவர்'னு திரும்பத் திரும்ப எழுதியிருக்கு."

"அதை என்னை நம்பச் சொல்றீங்க."

அவர் நம்பவில்லை. தெருவும் நம்பவில்லை, மெம்பரின் சுவரில் வெறும் சுவர் என்று இருக்குமானால் உலகத்தில் நியாயம் எங்கே இருக்கிறது என்று நினைத்தது. தனராஜ் யோசனை சொன்னான்: எல்லாம் அந்த எந்திரத்திலிருந்து வந்தது, அதை எடுத்துத் தன் ஸ்டுடியோவில் பூட்டிவைத்தால் நின்றுவிடும், அக்கா பாட விரும்பும்போது வந்து பாடலாம், தானே அமுக்கித் தருவான். பூபாலனுக்கு அது சரியாகப் பட்டது. ஆனாலும் ஜெசிந்தாவுக்கு ஒரு வாய்ப்பு கொடுப்போம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோர் முன்னாலும் என் சுவரை ஒளிக்காமல் படிக்கட்டும், படித்தால் எந்திரம் அவளிடம், இல்லையென்றால் தனராஜிடம் என்று அறிவித்தார்.

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லிட்டு வந்துரு ஜெசி," என்றான் குழந்தைவேலு. "சின்னதா. மனசு குளிர்ற மாதிரி."

"பொய்யா?"

"அவங்க உண்மையைக் கேக்கலியே. உண்மையைத்தான் இத்தனை நாளாச் சொல்லிட்டோமே."

"பொய் சொன்னா நாளைக்கு நான் தனராஜைக் குத்தம் சொல்ல முடியாது."

"மெஷின் அவன்கிட்டப் போனா மட்டும் சொல்லி என்ன பண்ணப் போறே?"

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கக் கூடியது. ஒத்துப்பார்க்க மஸ்தான் பாயையும் ஸ்டேஷனிலிருந்து வரவழைத்திருந்தார்கள். ஜெசிந்தா சுவரின் ஒரு முனையில் விரல் வைத்து நடந்தாள். வெயில் இறங்கியும் சுவர் சுட்டது. சுவர், சுவர், சுவர் என்றது சுவர், இவ்வளவு நேர்மையாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஆள் இந்தத் தெருவில் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பின்னால் கூட்டம் செருப்புகளைத் தேய்த்துக்கொண்டு வந்தது. யாரோ இருமினார்கள். தனராஜ் எந்திரத்தைக் கொண்டுபோக ஒரு பை எடுத்து வந்திருந்தான். அந்தப் பையின் சரசரப்பு அவள் காதுக்கு வந்தது. வேப்பமரத்திலிருந்து, தன் குரலே, 'தாயே' என்று ஏறிப்போய் முறிந்தது.

அவள் நின்றாள்.

"எழுதியிருக்கு," என்றாள். "விளக்கு வச்சதுலேருந்து அடுப்பு அணைக்கிற வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு சத்தமும் கூடாது."

கூட்டம் சுவரை நெருங்கி வந்தது. பிறகு பூபாலன், "என் பேரு?" என்றார்.

"உங்க பேரு இல்லீங்கய்யா."

"பாத்தீங்களா," என்றார் பூபாலன் கூட்டத்தைப் பார்த்து, பல நாளாக விடாமல் வைத்திருந்த மூச்சை விட்டபடி.

கதவைக் கதவு என்றபோது நம்பாத ஜனம் இதை உடனே நம்பியது. சொன்னதில் கஷ்டம் இருந்தது. கஷ்டம் இருந்தால் அது மேலிடத்து உத்தரவு. கோமளா மட்டும், "ஸ்பீக்கர் பாட்டுமா?" என்று கேட்டாள்.

"அது முதல்ல."

"எத்தனை நாளைக்குக்கா?"

ஜெசிந்தா அதை யோசித்து வைத்திருக்கவில்லை. சுவரில் இன்னும் கொஞ்ச தூரம் விரலை ஓட்டினாள். "அது இன்னும் எழுதி முடியல," என்றாள்.

மஸ்தான் பாயை முன்னால் விட்டார்கள். பாய் தடவினார், திரும்பத் தடவினார், ஜெசிந்தா நிற்கும் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார். "அம்மா சொன்னது சரிதான்," என்றார். "கீழ சின்னதா இன்னொரு வரி இருக்கு. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி ஏத்தணுமாம்."

தனராஜ் பையை மடித்துக்கொண்டே, "அப்ப மெஷின்?" என்றான்.

"எழுதி முடியற வரைக்கும் யாரும் தொடாதீங்க," என்றார் பூபாலன்.

மறுநாள் விளக்கு வைத்ததும் ஒலிபெருக்கி நின்றது. மிக்சிகள் நின்றன. கோமளா தையல் மெஷினைத் துணிபோட்டு மூடினாள், குழாய்க்குள் எதுவோ உறுமுவதும் நின்றது. குக்கர் விசிலின்மேல் ஈரத்துணி போட்டார்கள். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவாமல் உட்கார்ந்தார். வண்டியில் வந்தவர்கள் தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து, அடுத்த வீட்டில் யார் முதலில் சத்தம் போடுகிறார்கள் என்று ஒருவரையொருவர் காவல் காத்தார்கள். ஒரு தும்மலுக்கு இருபது தலைகள் திரும்பின. கோமளா தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறுங்காலோடு நடந்து, பேச வாய் எடுத்தவர்களை விரல் நீட்டி அடக்கினாள்.

உள்ளே, ஜமுக்காளத்துக்குப் பின்னால், ஜெசிந்தாவுக்கு முதல்முறையாகத் தன் வீடு கேட்டது. குழந்தைவேலு மூச்சு விடுவது கேட்டது. மைக்கின் சத்தத்தைப் பார்த்துக்கொண்டு, கண்ணாடியில் 'பதிவு' என்ற புள்ளிகள்மேல் விரலை வைத்து அழுத்தினாள். டோலக் மெதுவாக எழுந்தது. அவள் பாடினாள். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. 'தாயே' ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது, தானாக இறங்கி வந்தது. பாட்டு முடிந்தது. நிறுத்தினாள்.

ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். முறிவு இல்லை. பின்னணியில் தெரு இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைவிட நன்றாகப் பாட முடியாது என்பார்கள். கடைசி அடியில், பாட்டு முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், ஒரு அரை மாத்திரை முந்திப்போய் முடித்திருந்தாள். அவ்வளவுதான். குழந்தைவேலுகூடக் கவனித்திருக்க மாட்டான்.

"எப்படி?" என்றான் அவன்.

"நல்லா இருக்கு."

"அப்ப முடிஞ்சுதா?"

இந்த இடத்தில்தான் எப்போதும் தனராஜின் குரல் வரும். ஓகேக்கா, சூப்பர்க்கா, அடுத்தவங்க காத்திருக்காங்க என்று சொல்லும். அவள் அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. விரல் கண்ணாடிமேல் போயிற்று. 'சேமி' என்று ஒன்று இருந்தது, பக்கத்தில் 'அழி' என்று ஒன்று. அவள் 'அழி'யை அழுத்தினாள். புள்ளிகள் அமிழ்ந்து, கேள்வியாக எழுந்தன: 'நிச்சயமாகவா?'

பாட்டு விஷயத்தில் அவளை யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. ஆம் என்று அழுத்தினாள்.

"வாசி," என்றாள் கணவனிடம். "முதல்லேருந்து."

வெளியே உப்புக்கிணற்றுத் தெரு, உள்ளே ஏன் இன்னும் முடியவில்லை என்று பக்கத்து வாசலைக்கூடக் கேட்க முடியாமல், இருட்டில் வாயை மூடிக்கொண்டு சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தது.